பெட்டியம்மாவின் மூன்றாவது வாக்கியம்

பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறாள். பெட்டி கனமானது. நடைபாதை உடைந்த இடத்தில் நின்று, தூக்கி, மறுபடி இழுக்கிறாள். ஒரு வீட்டு வாசல் வரை போகிறாள். உள்ளே போவதில்லை. திரும்பி பஸ் நிறுத்தத்துக்கே நடக்கிறாள், இந்த முறை சாலையின் மறுபக்கமாக.

முதல் தடவை பார்ப்பவர்கள் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். இஸ்திரி போடுகிற ஒருவர் கேட்டேவிட்டார்.

“எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா. பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா ஆச்சா?”

“இல்லைங்க. வேலையா வந்தேன்.”

“வந்தீங்க, வாசலப் பாத்துட்டுத் திரும்பிட்டீங்களே.”

“திரும்பிப் போற வழியும் பாக்கணும்.”

“பாருங்க, பாருங்க. சாயந்தரத்துக்குள்ள வீடு போய்ச் சேந்துடுங்க.”

நாள் வாடகைக்கு விடும் வீடுகளுக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. விடுமுறையில் ஊர் பார்க்க வருகிறவர்கள் இப்போது ஓட்டலைவிட இப்படிப்பட்ட வீடுகளில்தான் அதிகம் தங்குகிறார்கள். இணையத்தில் படத்தைப் பார்க்கிறார்கள், கீழே இருக்கும் சில வரிகளைப் படிக்கிறார்கள், எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சில வரிகள் அவளுடையவை. பெட்டிக்குள் இருப்பது பழைய செய்தித்தாள். ‘நடந்து போற தூரம்தான்’ என்று எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். கையை வீசிக்கொண்டு நடப்பவருக்கு அது சரி. குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர் கையை வீசிக்கொண்டு வருவதில்லை. அதனால் பெட்டி. பெட்டியால் அவளுக்குப் பெட்டியம்மா என்ற பெயர் வந்தது. வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அவளுக்கும் தெரியும்.

முன்பு அவள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். வீடு வாடகைக்கு, பழைய ஸ்கூட்டர் விற்பனைக்கு, காணவில்லை, காலமானார். அங்கே அவள் ஒன்றைக் கவனித்தாள். காணாமல் போனவரைப் பற்றி எழுதும்போது மட்டும்தான் மனிதர்கள் உள்ளதை எழுதுகிறார்கள். இடது புருவத்தில் தழும்பு. வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். ஆள் கிடைக்க வேண்டுமே. விற்பனைக்கு வந்த எந்த ஸ்கூட்டருக்கும் தழும்பு இருந்ததில்லை.

பத்திரிகை அந்த ஜன்னலை மூடியபிறகு இந்த வேலைக்கு வந்தாள். காணாமல் போனவரை எழுதுவதுபோல ஒரு வீட்டை எழுதினால் என்ன என்று முயன்று பார்த்தாள். வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வந்து தங்கியவர்கள் யாரும் சுளிக்கவில்லை. வேலை நிலைத்தது.

வீட்டுக்குள் போனதும் அவள் கூடத்தைப் பார்ப்பதில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள், முழங்கால் கதவில் இடிக்கிறதா என்று. ஒவ்வொரு கட்டிலிலும் நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை படுப்பாள். அங்கிருக்கும் பாத்திரத்தில், அங்கிருக்கும் அடுப்பில் டீ போட்டுக் குடிப்பாள். பிறகு வீட்டுக்காரரைப் படுக்கையறைக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தி, “உங்க சம்பந்தியப் பத்தி என்ன நினைக்கிறீங்களோ அதைச் சாதாரணக் குரல்ல சொல்லுங்க” என்பாள். கூடத்தில் நின்று கேட்பாள். சம்பந்தி பற்றி முழுதாகத் தெரிந்துவிட்டால் ‘அறைகளுக்கு நடுவே சுவர் மெல்லியது’ என்று எழுதுவாள்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு குறை இருக்கும். குறை இல்லாத வீட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. அது மூன்றாவது வாக்கியத்தில் வரும். ஏன் மூன்றாவது என்று அவள் கணவர் ஒருமுறை கேட்டார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிக் கேள்வி கேட்டே பழகியவர்.

“முதல்ல சொன்னா, பாருங்க நான் எவ்வளவு யோக்கியம்னு பீத்திக்கற மாதிரி இருக்கும். கடைசில சொன்னா மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கும்.”

“மூணாவதா சொன்னா?”

“வீட்டப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கும்.”

நாத்தனார் வீட்டுக்கும் எழுத வேண்டி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அது அவள் கணவரும் அவர் தங்கையும் வளர்ந்த வீடு. இருவருக்கும் பாதிப் பாதி. புருஷன் போனபிறகு நாத்தனார் அங்கே தனியாக இருந்தாள். மாடி அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு கீழே உள்ளதை நாள் வாடகைக்கு விடலாம் என்பது அவள் யோசனை. விற்றுவிடலாம் என்பது அண்ணன் யோசனை.

“அடுத்த வருஷப் பெரிய லீவு வரைக்கும் பாரு,” என்றார் அவர். “வர்றவங்க நல்லபடியா நாலு வார்த்தை எழுதி, ஆள் வந்துட்டே இருந்தா நீ இருந்துக்கோ. இல்லைன்னா வித்துட்டு ஆளுக்குப் பாதி. அப்பறம் அழக்கூடாது.”

“நான் எப்ப அழுதேன்? இந்த வீட்டுல அழறது நீதான். ஊசி போடணும்னா கட்டிலுக்கு அடில போயிடுவே.”

விற்றால் நாத்தனாருக்குப் பங்கு வரும், தனியாக ஒரு வீடு வாங்க அது போதாது. அவள் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு சோபா இருந்தது. “அந்த சோபா” என்று அவள் சொல்லும்போது வியாதி ஒன்றின் பெயரைச் சொல்வதுபோல இருக்கும்.

அந்த வருஷக் கோடையில், பெரிய லீவு தொடங்கிய வாரத்தில் பெட்டியம்மா பெட்டியோடு வந்தாள். நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நம்ம வீடு. கொஞ்சம் பாத்து எழுதுங்க.”

“எல்லா வீட்டுக்கும் பாத்துத்தான் எழுதறேன்.”

“அந்தப் பாக்கறதச் சொல்லலை.”

“தெரியும். சம்பந்தியப் பத்திப் பேச உனக்குச் சொல்லித் தரணுமா, ரூமுக்குள்ள போ.”

அவள் எழுதிய குறிப்பு இப்படித் தொடங்கியது. ‘இந்த வீட்டில் ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம், இரண்டு குடும்பம் வந்தால் சண்டை வரும். காலை வெயில் சமையலறை மேசை வரை வந்து, பத்து மணி வரை இருக்கும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்து குறுகலானது, வெயில் படாதது, துணி காயாது. சந்துக்குப் போகும் கதவைத் திறக்க வேண்டிய அவசியம் வராது.’

“அந்தச் சந்தை எடுத்துடுங்களேன்,” என்றாள் நாத்தனார். “அது பாட்டுக்கு ஓரமா இருக்கு.”

“குறைன்னு ஒண்ணு வேணும். இதைவிடச் சின்னதா இந்த வீட்டுல வேற இல்லை.”

அரை வருஷம் ஆயிற்று. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாரும் குறையாக எழுதவில்லை, நிறைவாகவும் எழுதவில்லை. ‘வசதி’ என்று எழுதினார்கள். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக் கேட்டார்.

அப்போதுதான் ஒரு வயதான தம்பதி ஒரு வாரத்துக்கு வந்தார்கள். மகள் எடுத்துக் கொடுத்திருந்தாள். பெரியவர் உள்ளே வந்ததும் சட்டைப் பையில் குத்தியிருந்த தடித்த மெழுகுப் பென்சிலைச் சரிசெய்துகொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

“மேசை இதுதானா?”

“இதுதாங்க,” என்றாள் நாத்தனார்.

நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை குளித்து, தலை வாரி, ரொட்டியும் முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். நாத்தனார் மாடிப்படியிலிருந்து பார்த்தாள். அவர் சாப்பிடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்தது.

“இன்னிக்கு மேகமோ?” என்று கேட்டார்.

வானத்தில் மேகம் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அவர் கோபப்படவில்லை. நாத்தனார் அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

“குளிர்கிடங்குல வேலைங்க இவருக்கு,” என்றாள் அந்த அம்மாள். “மீன் பெட்டி, ஐஸ். எப்பவும் ராத்திரி ஷிப்டுதான். விடிஞ்சா வந்து திரையப் போட்டுட்டுப் படுத்துடுவாரு. ரிட்டயர் ஆனதும் ஒரே பாட்டு. காலைச் சாப்பாட்ட வெயில்ல உக்காந்து சாப்பிடணுமாம். எங்க வீட்டுல ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. பொண்ணு நெட்டுல இருக்கற வீட்டையெல்லாம் பாத்துட்டு, இந்த ஒரு வரிக்காக இதை எடுத்தா.”

நாத்தனார் மாடிக்கு ஓடிப் போன் செய்தாள்.

“அண்ணி, வெயில் வரலை.”

“எங்க வரலை?”

“நீங்க எழுதின இடத்துல.”

பெட்டியம்மா பெட்டி இல்லாமல் வந்தாள். சமையலறையில் நின்றாள். மேசை நிழலில் இருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

“எதிர்ல இருக்கற பல் ஆஸ்பத்திரி மேல மாடி கட்டிட்டாங்களா?”

“இல்ல அண்ணி. அது அப்படியேதான் நிக்குது.”

தெருவில் போய் நின்று பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் அதன் இடப்பக்கக் கட்டடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. அவள் குறிப்பு எழுதிய வாரத்தில் சூரியன் அந்த இடைவெளியில்தான் ஏறி வந்தது. இடைவெளி இப்போதும் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. சூரியன் தெற்கே தள்ளி ஆஸ்பத்திரியின் பின்னால் போயிருந்தது. கட்டடத்தின் ஓரம் மட்டும் பளபளத்தது.

எல்லாக் கட்டிலிலும் படுத்துப் பார்த்தவள். எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தவள்.

“சூரியன் இடம் மாறும்னு மூணாம் வகுப்புலயே படிச்சேன்,” என்றாள். “வேலைக்கு வரும்போது எடுத்துட்டு வரலை.”

“அதெல்லாம் சரி. அவர் ‘பொய்’னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும். அண்ணா உடனே வீடு வாங்கற ஆளக் கூட்டிட்டு வந்துடுவான். எனக்கு அந்த சோபாதான்.”

பெட்டியம்மா உள்ளே போய்க் கிடங்குக்காரர் எதிரில் நின்றாள்.

“நான்தான் எழுதினேன். நான் வந்தப்போ இருந்துச்சு. எப்பவும் இருக்கும்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடது. வேற வீடு வேணும்னா நானே பாத்துத் தர்றேன்.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“இங்க இல்லைன்னா இப்ப அது எங்க வரும்?”

அவள் ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரியைப் பார்த்தாள்.

“கிடங்குல ஒரு பெட்டியக் காணோம்னா காணாமப் போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. வேற அடுக்குல இருக்குன்னு அர்த்தம். வீடு முழுக்கப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியம்மா வந்தாள். ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டார்கள். நாத்தனார் கூடம், பெட்டியம்மா படுக்கையறை, கிடங்குக்காரர் குளியலறையும் படிக்கட்டும்.

“ஹால்ல கைக்குட்டை அளவுக்கு ஒண்ணு இருக்கு அண்ணி. கணக்குல சேத்துக்கலாமா?”

“நிக்குதா போகுதா?”

“போயிடுச்சு.”

படுக்கையறையில் அலமாரியின் கண்ணாடியில் ஒரு கீற்று இருந்தது. அது எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து தெறித்தது. குளியலறையில் ஒன்றும் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் மூவரும் சந்தித்துக்கொண்டார்கள். அப்போது அந்த அம்மாள் கை நிறையத் துணியோடு வந்தாள்.

“காலங்காத்தால எதைத் தேடறீங்க எல்லாரும்?”

“வெயில,” என்றார் கிடங்குக்காரர்.

“அது சந்துல இருக்குங்க. வந்த நாள்லேர்ந்து அங்கதானே துணி காயப் போடறேன்.”



“ஏன் சொல்லலை?” என்று கேட்டார் அவர்.

“நீங்க மேசையில வேணும்னீங்க.”

“அந்தக் கதவத் தொறக்க வேணாம்னு எழுதியிருந்துச்சேம்மா,” என்றாள் நாத்தனார்.

“அப்படி எழுதியிருந்தா யார்தான் தொறக்காம இருப்பா?”

பெட்டியம்மா சந்துக்குப் போனாள். தெரு முனையிலிருந்து கதவு வரை வெயில் நீளமாகக் கிடந்தது. வீட்டுச் சுவர் சூடாக இருந்தது. வெயில் ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு சாய்வாக நுழைந்திருந்தது. மூலையில் ஒரு துடைப்பம், காலி சிலிண்டர், வாளி. எல்லாவற்றுக்கும் நீண்ட நிழல்.

“நல்லதைத்தான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன்,” என்றாள். “குறையையும் தப்பா எழுதியிருக்கேன்.”

முதல் தப்பைவிட அது அவளை அதிகமாகத் தொந்தரவு செய்ததை நாத்தனார் பார்த்தாள். குறையில் அவள் தவறினதே இல்லை.

சமையலறை மேசை சந்தின் கதவில் நுழையவில்லை. காலைக் கழற்றலாமா என்று கிடங்குக்காரர் குனிந்து பார்த்தார். நாத்தனார் மாடியிலிருந்து இஸ்திரிப் பலகையை இறக்கிக்கொண்டு வந்தாள். அது சந்துக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அதன் பின்னால் இரண்டு ஸ்டூல். எதிரும் புதிருமாக உட்கார இடமில்லை. கணவனும் மனைவியும் பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் ரொட்டியைச் சிறிது சிறிதாகப் பிய்த்துச் சாப்பிட்டார். நெற்றியில் வேர்த்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“போதுமா?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

“சும்மா இரு.”

சாப்பிட்டு முடித்தபோது எட்டு மணி. அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரில் வெயில் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார். கீழே தேதி எழுதினார். கிடங்கில் ஈரமான பெட்டிகள்மேல் எழுதுகிற பென்சில் அது. தண்ணீர் பட்டாலும் போகாது. மறுநாளும் எட்டு மணிக்குக் கோடு போட்டார். முதல் கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல்கூடப் போகாது. வாரம் முடிந்து கிளம்பும்போது பென்சிலை நாத்தனாரிடம் கொடுத்தார்.

“போடுங்க. எங்க போகுதுன்னு தெரியும்.”

அவர் எழுதியது சில நாள் கழித்து வந்தது. நாத்தனார் போனில் படித்துக் காட்டினாள். ‘வெயில் சொன்ன இடத்தில் இல்லை. வேறு இடத்தில் இருந்தது. சந்தின் கதவைத் திறக்கவும்.’ ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

“இது நல்லதா கெட்டதா அண்ணி?”

“சரியா எழுதியிருக்காரு. என்னைவிட.”

அண்ணனும் படித்தார். “மூணு நட்சத்திரம் வாங்கின கடைக்கு யாரும் ரெண்டாந்தரம் வரமாட்டான்,” என்றார். “லீவுக்கு முன்னால வெள்ளையடிச்சு, ஆளக் கூட்டிட்டு வந்து காட்டிடறேன்.”

பெட்டியம்மா தான் எழுதிய எல்லா வீடுகளையும் எடுத்து வெயில் என்று வந்த இடங்களைப் பார்த்தாள். நிறைய இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் செய்து, காலையில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். சிலர் உண்மையாகவே போய்ப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், “நம்ம வீட்டுல வெயில் வருதுங்கறதே நீங்க எழுதினதப் படிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது” என்றார். எல்லாக் குறிப்பிலும் மாதத்தைச் சேர்த்தாள். நாத்தனார் வீட்டுக் குறிப்பில் மூன்றாவது வாக்கியத்தையும் அதை ஒட்டிய கதவு வரியையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் வேறு எதையும் எழுத வரவில்லை. அவள் எழுதியவற்றில் குறை இல்லாத குறிப்பு அது ஒன்றுதான். அவளுக்கே அதைப் படிக்கச் சங்கடமாக இருந்தது.

லீவு நெருங்கியபோது கணவர் ஒரு பெயிண்டரோடு அங்கே போனார். பெட்டியம்மாவும் போனாள். வழியில் கேட்டாள்.

“சந்துல வெயில் வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சந்துலயா? அங்க பாசிதான் வரும். லீவு பூரா அங்க வழுக்கி விழுந்திருக்கேன்.”

“அது லீவுல. பள்ளிக்கூட நாள்ல?”

 “பள்ளிக்கூட நாள்ல காலைல அங்க யார் போனா?”

பெயிண்டர் முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்துக்குப் போனார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“இங்க யாரோ சுவர் பூராக் கிறுக்கி வெச்சிருக்காங்க. மெழுகு. சுரண்டித்தான் எடுக்கணும். மேல பெயிண்ட் ஒட்டாது.”

கணவர் போய்ப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் தொடங்கி மதிலின் முனையை நோக்கிக் கோடுகள் போயிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தேதி. சிலது நாத்தனார் கையெழுத்து. சிலது வேறு வேறு ஆட்களுடையது. ஒரு கோட்டின் பக்கத்தில் சிறுபிள்ளை யாரோ மூக்கு வைத்த சூரியனை வரைந்திருந்தது.

“யார் இதெல்லாம் போட்டது?”

“வந்து தங்கறவங்கதான்,” என்றாள் நாத்தனார். “பென்சில் கதவுகிட்ட தொங்குது. நான் யாருக்கும் சொல்றதில்ல. அவங்களே கேட்டு வாங்கிக்கறாங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். முதல் கோட்டிலிருந்து விரலை வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

“இங்க ஏன் இவ்வளவு நெருக்கமா இருக்கு?”

“அப்ப அது நகரவே இல்ல அண்ணா. நின்ன மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் வந்தா பாரு, தாவித் தாவிப் போகுது.”

“அடுத்து எங்க போகும்?”

“சந்தைவிட்டு வெளிய போகப் போகுது. சமையல்கட்டுக்குத் திரும்பணும். எந்த வழியா வரும்னுதான் பாத்துட்டிருக்கேன். அண்ணிக்கும் தெரியலை.”

பெட்டியம்மா தலையை ஆட்டினாள். கணவர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு மதிலுக்கு மேலே ஆஸ்பத்திரியின் ஓரத்தைப் பார்த்தார். கண் கூசியது.

“ஐயா, சுரண்டவா?” என்றார் பெயிண்டர். கையில் தகடு தயாராக இருந்தது.

“இருங்க. இது இன்னும் முடியலை.”

“எப்ப முடியும்?”

அவர் தங்கையைப் பார்த்தார்.

“திரும்ப மொதல் கோட்டுக்கு வரணும்ல,” என்றாள் அவள். “அதுக்கு அடுத்த குளிர்காலம் வரணும்.”

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முன்பக்கம் மட்டும் அடிங்க,” என்றார் அவர் பெயிண்டரிடம். “அதுவும் விக்கறதுக்கு இல்ல. சும்மா, அழுக்கா இருக்கு.”

பெயிண்டர் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கணவர் கதவோரம் நூலில் தொங்கிய பென்சிலை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். நாத்தனார் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

“இப்பப் போடக்கூடாது. எட்டு மணிக் கோடுதான் போடணும். இல்லைன்னா கணக்குக் கெட்டுடும்.”

“நாளைக்கு எட்டு மணிக்குக் கடை திறக்கணுமே.”

“அப்போ ஏழரைக்கே வந்துடு. வர்றதப் பாக்கலாம்.”

பெட்டியம்மா இஸ்திரிப் பலகையை விரித்து உட்கார்ந்து, எடுத்துவிட்ட மூன்றாவது வாக்கியத்தை எழுதத் தொடங்கினாள். ‘வெயில் இந்த மாதம் சந்தில் இருக்கிறது’ என்று எழுதி, ‘அடுத்த மாதம்’ என்று தொடங்கி, அங்கேயே நிறுத்தினாள்.